வாடகை வீடு வாங்க புரோக்கர் எதற்கு?

கேள்வி: வாடகைக்கு விடுவதற்காகச் சென்னையில் ஃபிளாட் வாங்குபவருக்கு புரோக்கர் அவசியமா?

பதில்: தெருவை அறிந்தவர் என்றால் அவசியம். எந்த அடுக்ககத்துக்குக் கோடையில் தண்ணீர் லாரி வரும், எங்கே மழைநீர் முழங்கால் அளவு நிற்கும் என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்காது. அவருக்குத் தெரியும்.

கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 1 சதவீதக் கமிஷன் 60,000. மாத வாடகை 15,000 என்றால், முதல் நான்கு மாதம் அந்த வீட்டில் 'குடியிருப்பவர்' புரோக்கர்தான்!

வில்லங்கம் பார்க்க அவர் தேவையில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். மூலப்பத்திரத்தை வழக்கறிஞர் படிக்கட்டும். ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவான புதிய திட்டம் என்றால், 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி விற்றுத்தரும் புரோக்கரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டதும் "அதெல்லாம் எதுக்கு சார்?" என்கிறாரா? வேறு ஆளைப் பார்க்கலாம்.