‘கோ’ என்னும் ஆங்கில வினையின் செலவும் வரவும்

ஆங்கில வினைகளுள் பொருட்பெருக்கம் மிக்கது எது என்னும் வழக்கு ‘செட்’டுக்கும் ‘ரன்’னுக்கும் இடையிலேயே நடந்து வந்திருக்கிறது. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ முதலிடம் பெற்றிருந்தது. பின்னர் நடந்த திருத்தத்தில் ‘ரன்’ 600க்கும் மேற்பட்ட வினைப்பொருள்களோடு அதை முந்தியது. இந்த எண்ணிக்கைப் போட்டியில் ‘கோ’ கவனிப்பாரின்றி நிற்பது முறையன்று. பொருளின் தொகையைக் காட்டிலும் பொருளின் ஒழுக்கமே ஆராயத் தக்கது. ஒழுக்கத்தால் ‘கோ’வுக்கு நிகரான வினை ஆங்கிலத்தில் இல்லை.

முதலில் பெயர்க் குழப்பம் களைய வேண்டும். தமிழில் ‘கோ’ என்பது அரசனையும் பசுவையும் குறிக்கும். மணியையும் மலரையும் நூலில் சேர்க்கும் தொழிலையும் குறிக்கும். இங்குப் பேசப்படுவது இவற்றுள் எதுவும் அன்று. பசுவைக் குறிக்கும் வடசொல்லுக்கு ஆங்கிலத்தில் உறவு உண்டு. அது ‘கௌ’ என்னும் சொல். ஒலியொப்புமை கண்டு உறவு கூறுவோர் இடறும் முதல் இடம் இது. இரண்டாம் இடறல் இதனினும் பெரிது. ‘கமனம்’ என்பதில் உள்ள ‘கம்’ என்னும் வடமொழி வேர் செல்லுதலைக் குறிப்பதால், அதையே ‘கோ’வின் உடன்பிறப்பாகக் கொள்ளத் தோன்றும். அது உண்மையில் வருதலைக் குறிக்கும் ‘கம்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் உடன்பிறப்பு. ஒரே வேர் கங்கைக் கரையில் போகிறது, தேம்ஸ் கரையில் வருகிறது.

‘கோ’வின் பழைய ஆங்கில வடிவம் ‘கான்’. டச்சு மொழியில் இன்றும் அது ஏறத்தாழ அவ்வாறே ஒலிக்கிறது. அதன் தொன்மையான வேர், விட்டு நீங்குதல் என்னும் பொருளுடையது என்பதே பெரும்பாலோர் கொள்கை. அவ்வேரின் வடமொழிக் கிளை ‘ஹா’. அதிலிருந்து பிறந்தது ‘ஹானி’. ஆகவே ‘கோ’வின் உறவினரைத் தமிழ்நாட்டில் காண விரும்புவோர் பேருந்து நிலையத்தில் தேடுதல் பயனற்றது, நீதிமன்றத்தில், மானஹானி வழக்கில் தேட வேண்டும். நீங்குதல் என்னும் இந்தக் கருவே ‘கோ’வின் எல்லாப் பொருள்களுக்கும் தாய் என்பது இக்கட்டுரையின் துணிபு.

அடுத்தது இறந்தகாலம். ‘கோ’வுக்குச் சொந்தமாக இறந்தகாலம் இல்லை, எக்காலத்தும் இருந்ததாகவும் சான்று இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஏயொதெ’ என்னும் வேறொரு சொல் அப்பணியை ஆற்றியது. 15ஆம் நூற்றாண்டளவில் அது வழக்கொழிய, திரும்புதல் என்னும் பொருளுடைய ‘வெண்ட்’ என்னும் வினையின் இறந்தகாலமாகிய ‘வென்ட்’ அவ்விடத்தில் அமர்ந்தது. முன்னதில் டகரம் மெலிந்தும் பின்னதில் வலிந்தும் ஒலிக்கும். அவ்வேறுபாட்டைக் காட்டத் தமிழெழுத்தில் வழி இன்மையால் முன்னதற்கு டண்ணகரமும் பின்னதற்கு றன்னகரமும் இங்கே இடப்பட்டன. தன் இறந்தகாலத்தைப் பறிகொடுத்த ‘வெண்ட்’ பின்னர் ‘வெண்டெட்’ என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது. பறித்த வினையோ இன்றுவரை எதுவும் செய்துகொள்ளவில்லை. ஸ்காட்லாந்து மக்கள் மட்டும் சொந்த வேரிலிருந்தே ‘கேட்’ என்று ஒன்றை ஆக்கிக்கொண்டது பாராட்டுக்குரியது. ஏனைய இடங்களில் நேற்று லண்டனுக்குப் போனதாகக் கூறும் ஒருவர், சொல்வரலாற்றின்படி, நேற்று லண்டன் பக்கம் திரும்பியதாகவே கூறுகிறார்.

இத்தோடு கடன் தீரவில்லை. லண்டனுக்குப் போய் இன்னும் திரும்பாதவரைக் குறிக்க ‘கான்’ என்னும் எச்ச வடிவம் உண்டு. போய்த் திரும்பியவருக்கு அது ஒவ்வாது. அவருக்கு ‘பீன்’ என்றே கூற வேண்டும். ‘பீன்’ ஆகுதற்பொருள் கொண்ட வேரில் பிறந்தது. வடமொழிப் ‘பூதம்’ அதன் தாயாதி. ஆக, ஒருவர் புறப்படும்போது ஒரு வேர், போனதைச் சொல்லும்போது மற்றொரு வேர், வீடு திரும்பிய பின் மூன்றாவது வேர் எனப் பயணம் ஒன்றுக்கு வினைக்குடும்பங்கள் மூன்று தேவைப்படுகின்றன. ‘போயிருக்கிறார்’, ‘போய் வந்திருக்கிறார்’ என்னும் தமிழ், இதே வேறுபாட்டை இரு வேர்களில் முடிக்கிறது.

இனிப் பொருளுக்கு வரலாம். பால் கெடுவதும், மனம் பேதலிப்பதும், கண் குருடாவதும், வணிகர் நொடிப்பதும் ஆங்கிலத்தில் ‘கோ’வின் ஆட்சிக்கு உட்பட்டவை. கனவு நனவாவது மட்டும் ‘கம்’மின் ஆட்சி. இயல்பான நிலையை நோக்கிய மாற்றம் வருதல் என்றும், அதனின்று விலகும் மாற்றம் போதல் என்றும் அமைவதை மொழியியலாளர் ஈவ் கிளார்க் 1974இல் விளக்கினார். தமிழிலும் பால் திரிந்துபோகிறது, பொருள் காணாமற்போகிறது, காரியம் கூடிவருகிறது. விடைபெறுவோர் ‘போகிறேன்’ என்பதை விலக்கிப் ‘போய் வருகிறேன்’ என்பதன் நியாயமும் இதுவே.

பெருஞ்சிக்கல் ‘கோ ஆஃப்’ என்னும் கூட்டுவினையில் எழுகிறது. விளக்கு ‘கோ ஆஃப்’ ஆனால் அணைகிறது, அலாரம் ‘கோ ஆஃப்’ ஆனால் அலறத் தொடங்குகிறது, வெடிகுண்டு வெடிக்கிறது, பால் புளிக்கிறது, நேற்றுவரை விரும்பப்பட்ட ஒருவர் இன்று வெறுக்கப்படுகிறார். ஒன்று ஓய்வது, மற்றொன்று தொடங்குவது. இரண்டையும் ஒரே வினை சுமப்பது முரண் எனப்படும். நீங்குதல் என்னும் கருவைப் பற்றிக்கொண்டால் முரண் இல்லை. விளக்கு எரிதலை நீங்குகிறது. அலாரம் மௌனத்தை நீங்குகிறது. வெடிகுண்டு பொறுமையை நீங்குகிறது. எஞ்சுவது ஓடும் கடிகாரம். அது எதையும் நீங்காமல் சுவரிலேயே இருந்துகொண்டு ‘கோ’ ஆகிறது. அது நீங்குவது நின்றுபோதலை எனக் கொள்ளலாம். விளக்கம் வலிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கடிகாரம் ஒன்றன் பொருட்டுக் கொள்கையைக் கைவிடுவதும் தகாது.

மாடு கத்துவதையும் வாத்து கத்துவதையும் ‘கோ’ குறிக்கும் வழக்கு சிறுவர் நூல்களில் காணப்படும். அதிலிருந்து, ஒருவர் கூறியதை எடுத்துரைக்கும் இளைஞர் வழக்கு தோன்றியது. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

எதிர்காலப் பொருள் அவ்வளவு எளிதில் விடத்தக்கதன்று. ‘கோயிங் டு’ 15ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் பயணத்திலிருந்து பிரிந்து எதிர்காலக் குறியாயிற்று. மழைக்குக் கால் இல்லை. எனினும் அது ஆங்கிலத்திலும் பெய்யப் போகிறது, தமிழிலும் பெய்யப் போகிறது. இவ்விரு போதல்களையும் பிரித்தறியும் சோதனை ஒன்று உண்டு. எதிர்காலத்தைக் ‘கன்னா’ என்று சுருக்கலாம். பயணத்தைச் சுருக்க இயலாது. எவ்வளவு அவசரமாயினும் லண்டனுக்கு முழுச் சொல்லோடுதான் போக வேண்டும்.

இறுதியாக ஏலம். தமிழ் ஏலக்காரர் ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ என்று எண்ணுகிறார். ஆங்கில ஏலக்காரரோ வினையைத் திரிக்கிறார்: இருமுறை ‘கோயிங்’, ஒருமுறை ‘கான்’, பிறகு சுத்தியல். இங்கே ஓர் ஐயம் எழும். வருதலும் தருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுத்த நெறி ஆங்கிலத்துக்கும் பொருந்துகிறது. எதிரில் இருப்பவரின் வீட்டுக்கு ஆங்கிலேயரும் வருகிறாரே அன்றிப் போவதில்லை. அவ்வாறாயின், வாங்குவோர் எதிரிலேயே அமர்ந்திருக்க, பொருள் அவரிடம் வருவதாகக் கூறாமல் போவதாகக் கூறுவது வழுவன்றோ எனின், அன்று. சுத்தியல் விழும்வரை வாங்குவோர் இன்னாரென முடிவாகவில்லை. முடிவாகாதவர் முன்னிலை ஆகார்.