அப்பன் ஒப்புக்கொள்ளாத பிள்ளை

கருந்துளையின் வரலாற்றைச் சுருக்கிச் சொன்னால், பெரிய மனிதர்கள் வரிசையாக வந்து “அப்படி ஒன்று இருக்கவே முடியாது” என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போன கதைதான்.

1783இல் ஜான் மிச்சல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், ஒளிகூடத் தப்ப முடியாத நட்சத்திரம் இருக்கலாம் என்று கணக்குப் போட்டார். 1796இல் பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸும் அதையே புத்தகத்தில் எழுதினார். பின்னால் வந்த பதிப்பில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். பிரெஞ்சுப் புரட்சியில் தலை தப்பியவர், ஒரு இருட்டு நட்சத்திரத்துக்காகவா தலையைக் கொடுப்பார்?

1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியல் என்ற ஈர்ப்புக் கோட்பாட்டை வெளியிட்டார். தன் சமன்பாடுகளுக்குத் துல்லியமான விடை இவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவரே நினைக்கவில்லை. முதல் உலகப் போர்முனையில் இருந்த வானியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்டு சில வாரங்களில் விடையை அனுப்பிவைத்தார். கருந்துளை அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

1935 ஜனவரி, லண்டன். மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் போயிருந்த 24 வயது சந்திரசேகர், ஓர் எல்லைக்கு மேல் எடை உள்ள நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்தபின் வெள்ளைக் குள்ளனாக ஓய்வெடுக்க முடியாது என்று விளக்கினார். கூட்டத்தில் இருந்த வானியல் மேதை எடிங்டன் எழுந்தார். அப்படியானால் அது சுருங்கிச் சுருங்கி ஒளியையே வெளியே விடாத நிலைக்குப் போய்விடுமே என்றார். அதாவது கருந்துளையைச் சரியாகவே கண்டுபிடித்தார். ஆகையால் கணக்கு அபத்தம் என்று முடித்தார். விடை சரியாக இருந்ததற்காக மாணவனுக்கு முட்டை போட்ட வாத்தியார் அவர் ஒருவராகத்தான் இருப்பார். சந்திரசேகருக்கு நோபல் வந்தது 1983இல்.

1939இல் பிள்ளையின் அப்பனே வந்தார். கருந்துளை உருவாக முடியாது என்று ஐன்ஸ்டைன் ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டு ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் உருவாகும் விதத்தையே கணக்கிட்டுக் காட்டினார்கள். அது அச்சில் வந்த நாள் செப்டம்பர் 1. அன்றுதான் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. நட்சத்திரம் நொறுங்கும் செய்தியை யார் படிப்பார்கள்?

1970இல் பெங்களூர்க்காரரான இயற்பியலாளர் விஸ்வேஸ்வரா, கருந்துளை மீது ஈர்ப்பலைகளை ஏவினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார். அது சற்றே அதிர்ந்து அடங்கியது. சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரி, அந்த அதிர்விலிருந்து அதன் எடையையும் சுழற்சியையும் சொல்லிவிடலாம். ஒலி பிசகினால் ஈர்ப்பு விதியிலேயே கோளாறு. 1979இல் பாரிஸில் லூமினே என்ற இயற்பியலாளர் கருந்துளையின் தோற்றத்தைக் கணினியில் கணக்கிட்டார். படம் வரைய அந்தக் கணினிக்குத் தெரியாததால் மையால் புள்ளி புள்ளியாகத் தானே வரைந்தார்.

இதற்கிடையில் ஐன்ஸ்டைனைத் திருத்தப் புறப்பட்டவர்கள் பெருகினார்கள். 1961இல் பிரான்ஸ், டிக்கி என்ற இரு இயற்பியலாளர்கள் ஈர்ப்பின் வலிமையே மாறலாம் என்றார்கள். 1972இல் ஹாக்கிங் பார்த்தார்: அவர்கள் கோட்பாட்டிலும், ஆடி அடங்கிய கருந்துளை அச்சு அசல் ஐன்ஸ்டைனுடையதுதான். சட்டம் மாறியது, குற்றவாளி மாறவில்லை. இரு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய சேதி 2017இல் வந்தது. 13 கோடி ஒளியாண்டு ஓடிவந்த ஈர்ப்பலையும் காமாக் கதிரும் 1.7 விநாடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. இரண்டின் வேகமும் வேறு என்று சொன்ன கோட்பாடுகள் ஒரே நாளில் கடையைச் சாத்தின.

2015 செப்டம்பரில் இரு கருந்துளைகள் மோதியதில் எழுந்த ஈர்ப்பலை பிடிபட்டது. கடைசியில் அதிர்வு அடங்கிய விதம் ஐன்ஸ்டைன் கணக்கோடு ஒத்துப்போனது. விஸ்வேஸ்வரா அதைப் பற்றிய அறிவிப்பைப் பார்த்துவிட்டு 2017 ஜனவரியில் காலமானார். 2019 ஏப்ரலில் எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளையின் நிழற்படம் வந்தது. சூரியனைப் போல 650 கோடி மடங்கு எடை. நிழலின் அளவும் ஐன்ஸ்டைன் சொன்னபடிதான், ஏறத்தாழ 17 சதவீதப் பிழை வரம்புக்குள்.

அந்தப் பதினேழு சதவீத இடுக்கில்தான் மாற்றுக் கோட்பாடுகள் பலவும் இப்போது குடித்தனம் நடத்துகின்றன. ஐன்ஸ்டைனைக் கவிழ்க்க அவர்கள் நம்பியிருப்பதும் கருந்துளையைத்தான். அது இன்றுவரை கவிழ்த்திருப்பது 1939ஆம் ஆண்டு ஐன்ஸ்டைனை மட்டுமே. கவிழ்க்கச் சொல்லிக்கொடுத்தவர் 1915ஆம் ஆண்டு ஐன்ஸ்டைன்.