காது வெட்டும் மாமா

"சும்மா நில்லுடா. இல்லன்னா டெய்லர் மாமா காதை வெட்டிடுவார்."

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம். என் கையில் 12 இஞ்ச் கத்தரி, எதிரே நாலு வயதுப் பையன். கத்தரியைப் பார்த்தான், காதைத் தொட்டுக்கொண்டான். பயப்படாதே என்று சிரித்தேன். தப்பு. கத்தரியோடு சிரிக்கிற ஆளைப் பார்த்தால் எந்தப் பிள்ளை அழாது?

கடைக்கு வரும் பிள்ளைகளைச் சமாளிக்க மூன்று வழி வைத்திருக்கிறேன். கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தக் காது விவகாரம்.

லேடீஸ் டெய்லராக 27 வருஷம். இதுவரை ஒரு காதைக்கூட வெட்டியதில்லை. ஆனால் ஊர்த் தாய்மார்கள் என் தலையில் கட்டியிருக்கிற வேலைகளைக் கேளுங்கள்: பேசுகிற வாயைத் தைப்பது, ஓடுகிற காலை மிஷினில் விட்டு ஓட்டுவது, அடம்பிடிக்கிற பிள்ளையைக் கட்டைப்பையில் போட்டு ஜிப் வைப்பது. (ஜிப் வைக்க நாற்பது ரூபாய். ஒருத்தரும் கொடுத்ததில்லை.) முன்பு இதற்கெல்லாம் பூச்சாண்டி இருந்தார், குடுகுடுப்பைக்காரர் இருந்தார். போலீஸ்காரருக்குச் சம்பளம் வருகிறது. ஊசி போடுகிற டாக்டர் ஃபீஸ் வாங்குகிறார். ஊசி, கத்தரி என்று இரண்டு இலாகாவையும் பார்க்கிற நான் மட்டும் இலவசம். போன மாசம் கோயிலில் சுண்டலுக்கு நின்றேன். முன்னால் நின்ற பாப்பா திரும்பிப் பார்த்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டது. சுண்டல் கொடுத்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அளவும் குறைந்தது.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பையனின் அம்மா, அந்தத் தங்கச்சி, ஏழு ஜாக்கெட் துணியைப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கழுத்து சொல்லிக்கொண்டிருந்தார். "கை மட்டும் போன தடவை மாதிரி வேணாம்ண்ணே." போன தடவை எப்படி வைத்தேன் என்று யாருக்கு ஞாபகம்? அதற்குள் பையன் கொக்கி டப்பாவைக் கவிழ்த்துவிட்டான்.

ஜாக்கெட் கொக்கி அரிசி மணி அளவுதான். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கொக்கி டப்பாவுக்கு யார் முத்திரை குத்துவது? ஒன்றை முழுங்கினாலும் நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

குண்டூசி பொறுக்க ஒரு காந்தம் வைத்திருந்தேன், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பெரிய வட்டக் காந்தம். தரையில் தேய்த்தேன். கொக்கிகள் எறும்பு மாதிரி ஏறி ஒட்டின. பையன் அழுகையை நிறுத்தி, "நானு" என்று கை நீட்டினான். மிஷின் மிதிக்குப் பின்னால், கட்டிங் டேபிளுக்கு அடியில் என்று தவழ்ந்து, பொங்கலிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த பாபின் கேஸைக்கூடக் கண்டுபிடித்துக் கொடுத்தான். அரை மணி நேரம் சத்தமே இல்லை.

கிளம்பும்போது அம்மா சொன்னார்: "பாத்தீங்களாண்ணே, உங்க மேல இருக்கிற பயத்துலதான் இவ்வளவு நேரம் அடங்கிக் கிடந்தான்."

ஜாக்கெட் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். "செவ்வாய்க்கிழமை வாங்க" என்றேன். அதுவும் காது வெட்டுகிற கதைதான், வேறென்ன. தீபாவளித் துணி மலை மாதிரி கிடக்கிறது. அந்த மூன்று வழியை எழுதவும் இப்போது நேரமில்லை.

தங்கச்சி, வரும்போது அளவு ஜாக்கெட் கொண்டு வாங்க. பையன் எடுத்துக்கிட்டுப் போன காந்தத்தையும்.