ஒரு சீட்டுதான் இருக்காம்!

மே மாதச் சென்னை வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு, விமான நிலைய கவுன்டரில் சாய்ந்து நின்று, "சிஸ்டத்துல ஏதாவது இருக்கா பாருங்களேன் மேடம்" என்று குழைகிறாரே, அவரேதான். பக்கத்தில் இரண்டு பாஸ்போர்ட், கைப்பை, பேரனுக்கான முறுக்கு டப்பா எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி நிற்பார். அவர் மனைவி. இந்த ரகத்து ஆசாமிகள் பொதுவாக ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள். மீசைக்கு மட்டும் சாயம் பூசுபவர்கள். பெரும்பாலும் என் அக்காவைக் கட்டிக்கொண்டவர்கள்.

எகானமிக்குக் காசு கொடுத்து பிசினஸ் கிளாஸில் கால் நீட்ட வேண்டும். வாழ்க்கையில் வேறு லட்சியம் கிடையாது. மகனுக்கே கல்யாணம் ஆன பிறகும் கவுன்டரில் "ஹனிமூன் போறோம்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். யாரை முன்னால் தூக்கிப் போடுவது என்பதைக் கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியல்தான் முடிவு செய்கிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அட்டை தங்கமா வெள்ளியா, டிக்கெட் எந்த எழுத்தில் போடப்பட்டது என்பவைதான். கோட்டு அதன் கண்ணில் படாது. இது அத்தானுக்கும் தெரியும். முழு விலை எகானமிக்கு 'ஒய்', பிசினஸுக்கு 'ஜே' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இருந்தாலும் கோட்டைக் கழற்ற மாட்டார்.

கோட்டை விடுங்கள். அவருடைய அசல் வித்தை பி.என்.ஆரைப் பிரிப்பது.

புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரே பி.என்.ஆரில் இருக்கிறார்கள், முன்னால் ஒரு சீட்டுதான் காலி என்றால், பல கம்பெனிகளில் அந்த ஜோடியை அப்படியே தாண்டிவிட்டு அடுத்திருக்கும் ஒற்றை ஆளுக்கு சீட்டைக் கொடுத்துவிடுவார்கள். யாரோ இதை அத்தானிடம் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அக்காவுக்குத் தனி டிக்கெட். ஒரே நாளில், ஒரே விமானத்தில், ஒரே கிரெடிட் கார்டில்தான் போடுவார். ஆனால் தனித்தனியாக. தெரியாத்தனமாக டிராவல்ஸ்காரர் சேர்த்துப் போட்டுவிட்டால் போன் செய்து, "எங்களைப் பிரிச்சு வுட்டுருங்க தம்பி" என்பார். ஸ்பீக்கரில் வேறு போடுவார். வக்கீல் ஆபீசுக்குத்தான் பேசுகிறார் என்று ஒருநாள் வேலைக்கார அம்மா பதறிப்போய்விட்டார்.

ஏலம் வந்தபின் இன்னும் மோசம். இப்போது பல கம்பெனிகள் அப்கிரேடுக்கு, 'நீங்களே ஒரு தொகை சொல்லுங்கள்' என்று மெயில் அனுப்புகின்றன. தொகையைக் கூட்டக் கூட்ட, வாய்ப்பு பலவீனம் என்று காட்டும் முள் பலம் பக்கம் நகரும். சொல்லும் தொகை தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரே பி.என்.ஆரில் இரண்டு தலை இருந்தால் இரண்டுக்கும் கட்ட வேண்டும். "பார்த்தியா மாப்ளே, பிரிச்சதுல பாதிக்குப் பாதி மிச்சம்!" என்றார் என்னிடம். யாருடைய பாதி மிச்சம் என்று நான் கேட்கவில்லை. அக்கா காபியோடு வந்துகொண்டிருந்தாள்.

பிரித்ததற்குப் பலனும் அனுபவித்தாயிற்று. ஒருமுறை சென்னையிலிருந்து தாமதமாகக் கிளம்பி, பிராங்பர்ட்டில் இணைப்பு விமானம் போய்விட்டது. ஒரே பி.என்.ஆரில் இருந்தால் இருவரையும் சேர்த்தே அடுத்த விமானத்தில் போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் கண்ணுக்கு இவர்கள் யாரோ எவரோ. தங்க அட்டைக்காரருக்கு அன்று சாயங்காலமே இடம் கிடைத்தது. அக்காவுக்கு மறுநாள் காலை. அத்தான் அலறிப் புடைத்துக்கொண்டு கவுன்டருக்கு ஓடி, "ஷி இஸ் மை ஒய்ஃப்!" என்று கத்தியதை அக்கா இன்றும் பெருமையாகச் சொல்கிறாள். ஒரு விமான நிலையத்தில் அவர் அதை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை என்பது அவளுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

லவுஞ்சில் மட்டும் மனிதர் தங்கம். ஸ்டார் அலையன்ஸ் கோல்டு அட்டைக்கு ஒரு விருந்தாளியைக் கூட்டிப்போகலாம் என்பதால் அங்கே அக்காவுக்கு ராஜமரியாதை. தட்டில் கேக்கை அடுக்கிக்கொண்டு வந்து வைப்பார். ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகக் கொடுப்பார். அதைப் பார்க்கும்போது எனக்கே அவர்மேல் பிரியம் வந்துவிடும். போர்டிங் அறிவிப்பு வரும்வரை அது நீடிக்கும்.

பிறகு திரை. அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நாற்பதாவது வரிசையில் நடு சீட்டில் அக்கா. பின்னாலிருந்து யாராவது முன்னால் எட்டிப் பார்த்தால் பணிப்பெண் திருப்பி அனுப்பிவிடுவார். முன்னாலிருந்து பின்னால் வருவதற்குத் தடையில்லை. ஆகவே மனுப் போட்டுக் கைதியைப் பார்க்க வருபவர் மாதிரி மணிக்கொரு தடவை வருவார். காலில் அவர்கள் கொடுத்த சாக்ஸ், கையில் சூடான முந்திரிக் கிண்ணம். "சீட்டு அப்படியே கட்டிலா விரியுதும்மா! மெத்தை வேற தர்றான்." ஓரத்து சீட்டுக்காரரின் தலைக்கு மேலேதான் இந்த வர்ணனை முழுவதும் நடக்கும். இரண்டு முந்திரி அக்கா கைக்கு வரும். கிண்ணம் அவரோடு திரும்பிப் போகும்.

பறந்து பறந்து சேர்த்து வைத்திருக்கும் மைல்களை வைத்து அக்காவுக்கு அப்கிரேடு வாங்க முடியாதா என்று கேட்டால், "ரூல் இல்ல மாப்ளே" என்பார். பொய். பல திட்டங்களில் குடும்பத்தாருக்காகவும் மைல்களைச் செலவழிக்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையரில் அதற்காகவே ஐந்து பேரைப் பதிந்து வைத்துக்கொள்ள இடமுண்டு. அத்தானும் அதில் உறுப்பினர்தான். அவருடைய ஐந்து இடமும் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல் கணக்கு எழுத ஆரம்பித்ததே வாடிக்கையாளர் வேறு கம்பெனிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பதற்காகத்தான். அந்த விசுவாசத்தில் அத்தானைக் குறை சொல்ல முடியாது.

கேட்டால் தயாராக ஒரு பதில் உண்டு. "நான் அவகிட்ட கேக்காம போனதே இல்ல." கேட்பது உண்மைதான். "ஒரு சீட்டுதான் இருக்காம், நீ போறியா?" என்பார். தன் பெயர் போட்ட புது போர்டிங் பாஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தபடி கேட்பார். அக்கா, "நீங்க போங்க" என்பாள். உடனே போய்விடுவார்.

அடுத்த மாதம் மறுபடியும் கிளம்புகிறார்கள். "இந்தத் தடவை அவர் கேட்டால், 'சரி, நான் போறேன்'னு சொல்லித் தொலையேன்" என்றேன் அக்காவிடம்.

"பாவம்டா, அவரால பத்து மணி நேரம் காலை மடக்கி உட்கார முடியாது."

அத்தான் ஐந்தடி மூன்று அங்குலம். முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருப்பது அக்காவுக்கு.