முகமூடி மட்டும் போதுமா?

கேள்வி: பாதுகாப்பு உடை கொடுத்தாலும் பாதாளச் சாக்கடைத் தொழிலாளர்கள் போட்டுக்கொள்வதில்லையே, உயிர்மேல் அக்கறை இல்லையா? (வாசகர், பாலிகஞ்ச், கொல்கத்தா)

பதில்: என்ன உடை கொடுத்தோம் என்று முதலில் கேட்போம். குழிக்குள் ஆளைக் கொல்வது அழுக்கு அல்ல, காற்று. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடினால் மூக்கையே மரக்கச் செய்து, நாற்றம் போய்விட்டதென்று நம்பவைக்கும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வடிகட்டி வைத்த முகமூடிகூட உதவாது; முதுகில் காற்று சிலிண்டரோ, மேலிருந்து காற்றுக்குழாயோ வேண்டும். இறங்குமுன் வாயுவை அளக்க வேண்டும், உடலில் மீட்புக் கயிறு வேண்டும், மேலே அதைப் பிடிக்க ஆள் வேண்டும். கையுறையும் ரப்பர் பூட்ஸும் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது பாதுகாப்பில் சேராது.

புழுக்கத்தில் கழற்றிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். கொல்கத்தா வெக்கையில் ரப்பர் உடையோடு வேலை செய்வது எளிதல்ல. ஆகவேதான் மனிதரை இறக்காமலிருப்பதே முதல் பாதுகாப்பு என்கிறேன். கொல்கத்தா உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதர் இறங்கிச் சாக்கடை சுத்தம் செய்வதை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29-இல் தடை செய்தது. நான்கே நாளில், பிப்ரவரி 2-ஆம் தேதி, கொல்கத்தாவை ஒட்டிய பான்தலா தோல் தொழில் வளாகத்தில் மூன்று தொழிலாளர்கள் மேன்ஹோலுக்குள் இறந்தார்கள். சந்துக்குள் இயந்திரம் நுழையாதே என்பார்கள். மேன்ஹோலுக்குள் இறங்கும் பாண்டிகூட் ரோபோவைக் கேரள இளைஞர்கள் 2018-லேயே வேலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இறங்க மறுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் இருப்பவரிடம் அக்கறை பற்றிக் கேட்பது நியாயமில்லை. அந்தக் கேள்வியை இறக்கிவிட்ட ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள்.