கம்ப்யூட்டர் படித்தால் கார் வாங்கலாம்

ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் என்றொரு பாடம் உண்டு. செய்முறைப் பயிற்சிக்கு அலையவே வேண்டாம். காட்டெருமையே தேயிலைத் தோட்டம் வழியாக இறங்கி வந்து, கேரட் பாத்தியை மிதித்து, வீட்டு வாசலில் நின்று மூச்சுவிடும். ஆனால் அது கேம்பஸ் இன்டர்வியூ நடத்துவதில்லையே!

“முடிச்சா சம்பளம் எவ்வளவு வரும்?” என்று மாமா கேட்கிறார் பாருங்கள், அதுதான் கேள்வி. மாமாவுக்கு யுஜிசியில் ஒரு நாற்காலி போட வேண்டும். பச்சைத் தேயிலையைக் கிலோ என்ன விலைக்குப் போட்டோம் என்று தெரிந்த எந்த அப்பனும் பிள்ளையைக் கோவைக்கு அனுப்பி கம்ப்யூட்டர்தான் படிக்க வைப்பான். மலை முழுக்கச் செடியைப் பிடுங்கிவிட்டு லேப்டாப் நட்டாலும் தப்பில்லை. கவாத்துச் செலவாவது மிச்சம்.

அப்படிப் படித்த குன்னூர்ப் பையன் இன்று பெங்களூரில் பெரிய சம்பளக்காரன். கர்நாடகப் பதிவெண்ணில் கார் வைத்திருக்கிறான். விலங்கியல் படித்த அவன் நண்பன், பாவம், சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான். வண்டி உள்ளூர்ப் பதிவெண் டிஎன் 43, எந்தச் செக்போஸ்ட்டிலும் நிறுத்துவதில்லை. பெரிய சம்பளக்காரன் மட்டும் அம்மாவைப் பார்க்க இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு அதுதான் சட்டம்.