வாட்டைக் கூட்டினால் சத்தம் கூடுமா?

கேள்வி: என் ஹோம் தியேட்டர் ரிசீவர் சேனலுக்கு 100 வாட். தனியாக ஒரு 200 வாட் பவர் ஆம்ப் சேர்த்தால் சத்தம் இரண்டு மடங்காகுமா?

பதில்: ஆகாது. வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல். ‘கொஞ்சம் கூட்டின மாதிரி இருக்கே’ என்று தோன்றும், அவ்வளவே. காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்கு, அதாவது 1000. வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் அதற்குள் கருகிவிடும். 1 வாட்டுக்கு 88 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பதில் 91 டெசிபல் தரும் ஸ்பீக்கர் வாங்குங்கள்; ஆம்ப்பை இரட்டிப்பாக்கிய அதே பலன்.

கேள்வி: அப்படியானால் பவர் ஆம்ப் யாருக்குத்தான் தேவை?

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு, 1 மீட்டர் தூரத்தில், 88 டெசிபல் தருகிறது என்று வையுங்கள். சோபா 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. திறந்த வெளியென்றால் அந்தத் தூரத்தில் 9.5 டெசிபல் கரைந்துவிடும். அறைச் சுவர்கள் அதில் கொஞ்சம் திருப்பித் தரும். அதை உபரியாக வைத்துக்கொள்வோம். ஆக, சோபாவில் 78.5. தியேட்டர் அளவுகோலில் ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல். அதைத் தொட சுமார் 450 வாட் வேண்டும். எந்த ரிசீவரும் கையை விரித்துவிடும்.

ஆனால் வீட்டில் அந்த அளவுக்கு வைப்பவர்கள் குறைவு. மைக் வைத்து அளந்து செட் செய்த ரிசீவரில் 0 என்பதே அந்தத் தியேட்டர் அளவு. வால்யூம் -20 என்று காட்டினால், உச்சமே 85 டெசிபல். அதற்கு 4.5 வாட் போதும்! -10 என்றால் 45 வாட். இன்று ராத்திரி படம் பார்க்கும்போது அந்த எண்ணைக் கவனியுங்கள். -15-ஐத் தாண்டுவதே இல்லையென்றால் காசைப் பத்திரப்படுத்துங்கள். பெரிய ஹால், -5 வரை போகிறவர் என்றால் வாங்குங்கள், தயங்க வேண்டாம்.

கேள்வி: சண்டைக் காட்சி வந்தால் ரிசீவர் தானாகவே அணைந்துவிடுகிறது. முன்னால் இருப்பவை 4 ஓம் டவர் ஸ்பீக்கர்கள். பவர் ஆம்ப் போடட்டுமா?

பதில்: போடலாம். ஆனால் முதலில் கரண்டை அணைத்துவிட்டு, ரிசீவரின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பீக்கர் வயரின் ஒரே ஒரு செம்பு இழை பக்கத்து முனையை உரசினாலும் ரிசீவர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அங்கே கோளாறு இல்லையென்றால், செட்டிங்கில் முன் ஸ்பீக்கரை ‘லார்ஜ்’ என்பதிலிருந்து ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழான கனத்த சத்தமெல்லாம் சப்வூஃபருக்குப் போய்விடும். சப்வூஃபருக்குப் பெரும்பாலும் சொந்தமாக ஆம்ப் உண்டு. ரிசீவரின் முதுகுச் சுமை நன்றாகவே இறங்கிவிடும்.

அப்படியும் அணைந்தால் பவர் ஆம்ப்தான் மருந்து. 8 ஓமைவிட 4 ஓம் இரு மடங்கு கரண்ட் கேட்கும். ரிசீவரிலோ எல்லாச் சேனலுக்கும் பொதுவாக ஒரே டிரான்ஸ்ஃபார்மர். பெட்டியில் போட்டிருக்கும் வாட், பெரும்பாலும் இரண்டே சேனல் ஓடும்போது 8 ஓமில் அளந்தது.

கேள்வி: இரண்டு சேனல் ஆம்ப்பா, மூன்று சேனலா?

பதில்: மூன்று. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தானே வருகிறது!

கேள்வி: என் ரிசீவரில் ‘ப்ரீ-அவுட்’ துளைகளே இல்லை. ஸ்பீக்கர் முனையிலிருந்து வயர் இழுத்து ஆம்ப்பில் சொருகலாமா?

பதில்: நேராகச் சொருகவே கூடாது. அங்கே வருவது ஏற்கெனவே பெருக்கப்பட்ட சிக்னல். ஆம்ப்பின் ஆர்சிஏ துளை எதிர்பார்ப்பது ஒன்றிரண்டு வோல்ட். ஆம்ப்பும் போகலாம், ரிசீவரும் போகலாம். பெருக்காத சிக்னலைத் தருவது ப்ரீ-அவுட்; விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் சப்வூஃபருக்கு மட்டும்தான் அது இருக்கும். உங்களுக்கு ரிசீவரை மாற்றுவதே நல்ல வழி. ப்ரீ-அவுட் உள்ளவர்கள் இணைத்து முடித்ததும் மைக்கை வைத்து மறுபடி அளந்தே ஆக வேண்டும். புது ஆம்ப் சிக்னலைப் பெருக்கும் அளவு வேறு; விட்டால் முன்பக்கம் கத்தும், பின்பக்கம் முனகும்.

கேள்வி: ஆம்ப் வந்த நாளிலிருந்து ‘ங்ங்ங்’ என்று ஒரு ரீங்காரம். கடைக்காரர் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டிவிடச் சொல்கிறார்.

பதில்: வெட்டாதீர்கள்! கோளாறு வந்தால் அந்த உலோகப் பெட்டியிலேயே 230 வோல்ட் ஏறும். தொடுபவர் உயிரைக் காப்பது அந்த முள்தான். ரீங்காரத்துக்குக் காரணம் பெரும்பாலும், இரண்டு வழியாக எர்த் ஆகி ஒரு வளையம் உண்டாவது. முதலில் கேபிள் டிவி அல்லது டிஷ் வயரைக் கழற்றுங்கள். சத்தம் நின்றதா? திருடன் அகப்பட்டான், அந்த வயருக்கு ஐசோலேட்டர் போடுங்கள். நிற்கவில்லையா? ரிசீவர், ஆம்ப், சப்வூஃபர் மூன்றையும் ஒரே சுவர் பாயின்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஆர்சிஏ கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஆம்ப்பை அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும், இல்லையென்றால் ‘டப்’ என்று ஸ்பீக்கர் அதிரும்.

கேள்வி: ரிசீவர் 9 சேனல் பிரிக்கும், ஆனால் உள்ளே 7 ஆம்ப்தான் என்கிறார்கள். கூரையில் 4 ஸ்பீக்கர் மாட்ட ஆசை.

பதில்: உங்கள் ஆசைக்கு 2 சேனல் பவர் ஆம்ப் கண்டிப்பாக வேண்டும். அதைக் கூரைக்குக் கொடுத்து வீணாக்காதீர்கள். முன் இடது, வலது ஸ்பீக்கர்களை அதில் போடுங்கள். உள்ளே இருக்கும் 7-ம் மீதி ஸ்பீக்கர்களுக்குப் போகட்டும். உங்கள் மாடலில் அப்படி மாற்றித் தர முடியுமா என்று மெனுவில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: பவர் ஆம்ப் போட்டால் பாட்டு இனிமையாகும் என்கிறாரே நண்பர்?

பதில்: ரிசீவர் திணறிக்கொண்டிருந்தால், ஆகும். திணறாத ரிசீவரில் வித்தியாசம் கேட்டால், முதலில் இரண்டின் சத்தத்தையும் மீட்டர் வைத்துச் சமமாக்கிவிட்டு மறுபடி கேட்கச் சொல்லுங்கள். 1 டெசிபல் கூடினாலே காது அதை ‘இனிமை’ என்று எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: எதை முதலில் ஆன் செய்வது?

பதில்: ரிசீவர் முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். இரண்டிலும் 12 வோல்ட் ட்ரிக்கர் இருந்தால் ஒரு சின்ன வயர் போதும். ரிசீவரே ஆம்ப்பை எழுப்பித் தூங்கவைக்கும்.